புத்தகத்தை மூடச் சொல்லும் டீச்சர்

“நீங்க நல்லா நடத்துதீங்க டீச்சர். ஆனா பிள்ளைங்க எதுவும் படிக்காங்களான்னுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு.”

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் எங்கள் மெட்ரிக் பள்ளிக்கூடம் இருந்தது. பள்ளி விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் இதைச் சொன்னார். அவர் அறிவியல் டீச்சர், நான் கணக்கு. இரண்டு பேரும் ஒரே ஜூனில் சேர்ந்தவர்கள். அவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான் மறைப்பு. நான் பேசுவதெல்லாம் அந்தப் பக்கம் கேட்கும்.

எனக்குச் சுருக்கென்றது. கருங்குழிக்குப் பக்கத்துக் கிராமம் என்னுடையது. அப்பா மதுராந்தகத்தில் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர், அம்மா நடவுக்குப் போகிறவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கணக்கில் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, கஞ்சி போட்ட புடவையில் வகுப்புக்குள் நுழைகிறபோது எனக்கு ஒரு நிமிர்வு உண்டு. கரும்பலகையில் என் கையெழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். தேற்றத்துக்கு ஒரு நிற சாக்பீஸ், நிரூபணத்துக்கு வேறு நிறம். அப்படிப்பட்ட என்னிடம் சந்தேகமாம்.

என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டேன். குறை ஒன்றும் இல்லையாம். இன்று நான் கேட்ட கேள்வி அத்தனைக்கும் நானே பதில் சொன்னேனாம். “பிள்ளைங்களுக்கு ஒண்ணு ரெண்டாவது மிச்சம் வைக்கலாம்லா” என்றார். அதற்குள் எதிர்ப்பக்கம் அவருடைய கல்பாக்கம் பஸ் வந்துவிட்டது. சாலையைக் கடந்து ஓடிப் போய் ஏறிக்கொண்டார். நான் செங்கல்பட்டு போய்ச் சேரும்வரை மனசுக்குள் அவரிடம் சண்டை போட்டுக்கொண்டே போனேன்.

அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு அணு ஆராய்ச்சியில் வேலை. கல்பாக்கம் டவுன்ஷிப் குடியிருப்பில் வீடு. எங்கள் பள்ளி கொடுத்த சம்பளம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் இவ்வளவு துணிச்சல் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வார்கள். பாதி உண்மைதான். மீதி அவர் சுபாவம்.

வகுப்புக்குள் போனதும் அவர் சொல்லும் முதல் வார்த்தை, “மூடு.” திறந்து வைத்திருக்கும் புத்தகம் எல்லாம் மூட வேண்டும். தேதி கிழித்த காலண்டர் தாள்களைப் பையில் கட்டாக வைத்திருப்பார். ஆளுக்கு ஒன்று கொடுத்து, போன வாரம் நடத்தியதில் ஞாபகம் இருப்பதைப் பின்பக்கம் எழுதச் சொல்வார். பார்த்து எழுதக் கூடாது, பேசக் கூடாது, தப்பாக எழுதலாம். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதை வேறு மையில் அவர்களே சேர்க்க வேண்டும். அந்தத் தாளுக்கு மார்க் கிடையாது. பையன்கள் அவருக்கு ‘மூடு டீச்சர்’ என்று பெயர் வைத்தார்கள். அது அவர் காதுக்குப் போனபோது, “பாத்தீங்களா, இது மட்டும் ஒருத்தனுக்கும் மறக்கலே” என்று சிரித்தார்.

கேள்வி கேட்டுவிட்டால் பேச மாட்டார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். மாணவன் எழுந்து நிற்பான், முழிப்பான், தலையைச் சொறிவான். பக்கத்தில் இருப்பவன் சொல்லிக் கொடுக்கக் கூடாது. அவரும் ஒரு எழுத்து எடுத்துக் கொடுக்க மாட்டார். தட்டிக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்கே மூச்சு முட்டும். ஒருமுறை ஒரு பெண் அழுதேவிட்டாள். ஏன் இப்படிக் கல்நெஞ்சாக இருக்கிறீர்கள் என்று மதிய சாப்பாட்டின்போது கேட்டுவிட்டேன். அவர் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். மூளை தேடுவதற்கு நேரம் வேண்டும். தேடி எடுத்தது நிற்கும், பிறர் எடுத்துக் கொடுத்தது நழுவும். நாம் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டால் தேடுகிற வேலை அங்கேயே நின்றுவிடுகிறது. டவுன்ஷிப் நூலகத்துக்கு வரும் பத்திரிகைகளில் மூளை பற்றி வருவதையெல்லாம் படிக்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. ஆனால் அதை ஆராய்ச்சி என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டார். “படிச்சதைச் செஞ்சு பாக்கேன். வரலேன்னா விட்டுடுவேன்” என்பார்.

விட்டும் இருக்கிறார். சில பிள்ளைகளுக்குக் கண்ணால் பார்த்தால்தான் ஏறும், சிலருக்குக் காதால் கேட்டால்தான் ஏறும் என்று எங்கோ படித்துவிட்டு, எட்டாம் வகுப்பைக் கண் கோஷ்டி, காது கோஷ்டி என்று இரண்டாகப் பிரித்தார். பையன்களுக்கு ஒரே கும்மாளம். கொஞ்ச நாள் கழித்து கோஷ்டிகளை மாற்றிப் பார்த்தார். எந்த வித்தியாசமும் இல்லை. மறுநாள் வகுப்பில் நின்று, “நான் சொன்னது தப்பு, பழையபடி உக்காருங்க” என்றார். டீச்சர் ஒருத்தர் தப்பு என்று பிள்ளைகளிடம் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. மதியம் என்னிடம் சொல்லும்போது ஏதோ பரிசு வாங்கினவர் மாதிரி சந்தோஷமாக இருந்தார்.

எங்கள் கரஸ்பாண்டென்ட் முன்பு அரிசி மில் வைத்திருந்தவர். பள்ளிக்கூடத்தையும் மில்லைப் போலவே காதால் நடத்தினார். மாலை ஸ்டடி நேரத்தில் வராந்தாவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். எல்லா அறையிலிருந்தும் பிள்ளைகள் உரக்கப் படிக்கிற சத்தம் வர வேண்டும். சத்தம் குறைந்த அறையின் கதவைத் தட்டுவார். பெற்றோரும் அப்படித்தான். விடியற்காலை எழுப்பிவிட்டு, அடுப்படியிலிருந்து அம்மா பிள்ளையின் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே இருப்பாள். சத்தம் நின்றால், “இன்னாடா, தூங்கிட்டியா” என்று குரல் வரும். நானும் அப்படிப் படித்து வந்தவள்தான். அதில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பள்ளியில் இன்னொரு வழக்கம் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், மார்க் குறைந்தவர்களின் பெற்றோரைக் கூப்பிட்டு, டிசி வாங்கிக்கொண்டு வேறு பள்ளி பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். அப்போதுதான் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்ட முடியும். அந்த வருடம் ஆறு பேரைப் பிரித்து வைத்திருந்தார்கள். ஆறு பேருமே என் கணக்கில் தோற்றவர்கள்.

அதில் ஒருத்தி தேவி. மாமல்லபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் அம்மா கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் தரையில் துணி விரித்து சிப்பி மாலையும் சங்கும் விற்கிறவர். எங்கள் பள்ளிக்கு அவளை அனுப்ப அந்த அம்மா எவ்வளவு முட்டி மோதியிருப்பார் என்று எனக்குத் தெரியும். என் அம்மாவும் அப்படி மோதியவள்தான்.

பொங்கல் விடுமுறை முடிந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அறிவியல் டீச்சரும் தேவியின் அம்மாவைப் பார்க்க மாமல்லபுரம் போனோம். வெயிலில் குடைக்கடியில் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா. எங்களுக்கு ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டு, கையை விரித்தார்.

“அதும் மண்டைல ஒண்ணும் ஏறல டீச்சர். அதுவும்தான் கத்திக் கத்திப் படிச்சிகினு கீது, இன்னா பண்றது. இஸ்கூல்ல வாணான்ட்டா வேற எடமெல்லாம் கெடியாது. சிங்கப்பெருமாள் கோயிலாண்ட கம்பெனிக்கு ஆள் எடுக்கறானாம். என் தங்கச்சி பொண்ணு போவுது. கூட அனுப்பிடுவேன்.”

வயது ஆகவில்லையே என்றேன். அதெல்லாம் கூட்டிச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். அப்போது வெள்ளைக்காரர்கள் இருவர் வந்து நின்றார்கள். அந்த அம்மா அவர்களுடன் ஆங்கிலத்தில் விலை பேசினார். அது படியவில்லை என்றதும் இன்னொரு பாஷைக்கு மாறினார். பிரெஞ்சு என்று அவரே பிறகு சொன்னார். பெரிய சங்குக்கு ஒரு விலை, துளை போட்டதற்கு வேறு விலை, இரண்டு வாங்கினால் வேறு. எதற்கும் தடுமாறவில்லை.

அறிவியல் டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் போனதும், இந்த விலையெல்லாம், இந்தப் பாஷையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டார்.

“படிப்பா? நான் கைநாட்டு டீச்சர். வர்றவன் போறவன்லாம் கேட்டுகினே இருப்பான். சொல்லிச் சொல்லி வந்துட்ச்சி.”

“வீட்டுல உக்காந்து சத்தம் போட்டு மனப்பாடம் பண்ணலியே?”

அந்த அம்மா சிரித்துவிட்டார். “யாராவது பாத்தா பைத்தியம்பான்.”

“உங்க மகளையும் யாரும் கேக்கலே, அதான் வரலே. நாங்க கேக்கோம். முழுப்பரீட்சை வரைக்கும் எங்களுக்குக் குடுங்க” என்றார் டீச்சர்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, சரி என்றார்.

கரஸ்பாண்டென்ட் அவ்வளவு லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. நான்தான் பேசினேன். வாதாடியதில் குரல்கூட உயர்ந்துவிட்டது. கடைசியில், முழுப்பரீட்சைவரை விட்டுவைக்கிறேன், ஆனால் இதுகளால் பத்தாம் வகுப்பு ரிசல்ட் கெட்டால் நீங்கள் இருவரும் வேறு பள்ளி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அறிவியல் டீச்சருக்கு வேலை போனால் வீட்டில் உட்காரலாம். என் சம்பளத்தில்தான் தம்பி பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். அவருக்கும் அது தெரியும். வெளியே வந்ததும், உங்களுக்கு வேண்டாம் என்றால் நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. கணக்கு யார் எடுப்பது என்று கேட்டேன்.

மாலை ஸ்டடியில் அந்த ஆறு பேருக்கும் தனி அறை. நான் அதுவரை ஒரே மாதிரிக் கணக்கை வரிசையாக இருபது போடச் சொல்வேன். போட்டு முடிக்கும்போது எல்லாம் வந்துவிட்டதுபோல் இருக்கும். பரீட்சையில் ஒன்றும் வராது. அறிவியல் டீச்சர் சொல்லி, ஐந்து கணக்கை ஐந்து பாடத்திலிருந்து கலந்து கொடுத்தேன். எந்த வழியில் போடுவது என்று முதலில் யோசிக்க வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் எல்லாம் தப்பு. என் கை துறுதுறுக்கும். கரும்பலகைக்குப் போக எழுந்துவிடுவேன், பிறகு உட்கார்ந்துவிடுவேன். நேற்று கேட்டதை இரண்டு நாள் விட்டு மறுபடி கேட்டோம், பிறகு ஒரு வாரம் விட்டுக் கேட்டோம். மறந்துபோகிற நேரம் பார்த்துக் கேட்க வேண்டுமாம். பத்து மணிக்குள் தூங்கச் சொன்னோம். படித்ததை மூளை தூக்கத்தில்தான் அடுக்கி வைக்கிறது என்றார் டீச்சர். ஒரு பையனின் அப்பா இதற்காகவே சண்டைக்கு வந்தார். “ஸ்கூல்லேந்தே தூங்கச் சொல்லி அனுப்பறீங்களே, நல்லா கீதே” என்றார்.

வராந்தாவில் கரஸ்பாண்டென்ட் நடந்துகொண்டிருந்தார். எல்லா அறைகளும் இரைந்தன. எங்கள் அறை மட்டும் ஊமை. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.

“இன்னாம்மா, ரூமு பேச்சுமூச்சு இல்லாம கீது. மில்லு ஓட்ற சத்தம் கேக்கலன்னா கரன்ட் இல்லன்னு அர்த்தம்.”

நாளைமுதல் சத்தமாகப் படிக்க வேண்டும், இல்லையென்றால் இந்த ஸ்டடியே வேண்டாம் என்றார். அறிவியல் டீச்சர், நீங்களே ஏதாவது கேட்டுப் பாருங்கள் சார் என்றார். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. உரக்கப் படித்தால் எப்படி வரும் என்று காட்டுகிறேன் என்று பக்கத்து அறையிலிருந்து முதல் ரேங்க் பையனைக் கூப்பிட்டு வந்தார். இலைகள் உணவு தயாரிப்பதைப் பற்றிய கேள்வி. பையன் கையைக் கட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் தடதடவென்று ஆரம்பித்தான். பாதியில் கரஸ்பாண்டென்டின் செல்போன் அடித்தது. பேசிவிட்டு வந்து, ம், சொல்லு என்றார். பையன் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தான். பாதி போகும்போது மறுபடி போன்.

“உட்ட எடத்துலேந்து சொல்லுப்பா.”

பையன் முழித்தான். உதட்டை அசைத்துப் பார்த்தான். “வர்ல சார். ஃபர்ஸ்ட்லேந்துதான் வரும்.”

கரஸ்பாண்டென்ட் எங்கள் பக்கம் திரும்பி, கண்ணில் முதலில் பட்ட தேவியைக் கை காட்டி, அவன் விட்ட இடத்திலிருந்து நீ சொல்லு என்றார்.

தேவி எழுந்தாள். பேசவில்லை. அவர் காத்திருந்தார், பிறகு செல்போனை மேஜையில் தட்ட ஆரம்பித்தார். எனக்கு அந்தப் பதில் தெரியும். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தால் அவள் பிடித்துக்கொள்வாள். அவள் படிப்பு நின்றால் கம்பெனிதான், என் வேலை போனால் தம்பியின் படிப்பும் நின்றுவிடும். வாயைத் திறந்துவிட்டேன். அறிவியல் டீச்சர் என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. கெஞ்சுகிறவர் மாதிரி இருந்தது அந்த முகம். அவருக்கும் பயம் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

தேவி மெதுவாகக் கரும்பலகைக்குப் போனாள். ஒரு இலையை வரைந்தாள். மேலே வெயில், கீழே தண்ணீர். தமிழில் பாதி, ஆங்கிலத்தில் பாதியாகச் சொன்னாள். உள்ளே போகும் வாயுவின் பெயரைச் சொன்னாள், வெளியே வருவதை மறந்தாள். கரஸ்பாண்டென்ட் நடுவில் இருமினார், தண்ணீர் குடித்தார். அவள் நிறுத்தினாள், பிறகு நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்தாள். கடைசியில், “வெளில வர்றது ஆக்ஸிஜன், சார். அத மொதல்ல உட்டுட்டேன்” என்றாள்.

அவர் இலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். “கொறையாத்தான் சொல்லுது. ஆனா உட்ட எடத்துலேந்து சொல்லுது” என்று எங்களிடம் சொல்லிவிட்டு, அந்த முதல் ரேங்க் பையனின் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எங்கள் அறைக் கதவைத் தட்டவில்லை.

முழுப்பரீட்சையில் தேவியும் இன்னும் மூன்று பேரும் தேறினார்கள். ஐந்தாவது பெண்ணை விளிம்பு மார்க்கில் பாஸ் போட்டுத் தள்ளிவிட்டார்கள். ஒரு பையன் தோற்று டிசி வாங்கினான். அறிவியல் டீச்சர் அவனை அவரே கூட்டிப் போய் அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டு வந்தார். ஐந்து பேர் பிழைத்ததை நான் சொன்னபோது, எனக்கு ஆறாவது ஆள்தான் ஞாபகம் வருகிறான் என்றார். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பில் எங்கள் ஐந்து பேரும் எல்லாப் பாடத்திலும் பாஸ். தேவியின் அம்மா பள்ளிக்கு வந்து எங்கள் இருவர் கழுத்திலும் சிப்பி மாலை போட்டார். கரஸ்பாண்டென்டுக்கும் ஒன்று போட்டார். அவர் அதைக் கழற்றாமலே வராந்தாவில் ஒரு சுற்று நடந்தார்.

அந்தக் கோடையில் டீச்சரின் கணவருக்கு வடக்கே மாற்றலாகிவிட்டது. கடைசி நாளில் எல்லாரும் புகழ்ந்து பேசிய பிறகு, பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் என்னிடம் கேட்டார்: நான் செய்ததில் எதையெல்லாம் நீங்கள் விட்டுவிடப் போகிறீர்கள். விட மாட்டேன் என்றுதான் சொல்ல வந்தேன். அவர் அந்த மாதிரிப் பதிலை நம்ப மாட்டார் என்று தெரியும். அழுகிற பிள்ளையை நிற்க வைக்க மாட்டேன், உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த நாள் கேட்பேன் என்றேன். “அது என்னைவிட நல்லா இருக்கு. செஞ்சு பாத்துட்டு எழுதுங்க” என்றார். எழுதினேன். சரியாக வருகிறது.

இப்போது நான் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர். அரையாண்டு முடிந்ததும் இந்த வருடமும் என்னிடம் பெயர்கள் கேட்டார்கள். எட்டுப் பேர் தோற்றிருக்கிறார்கள். நான் பெயர்களைக் கொடுக்கவில்லை. பத்தாம் வகுப்புக்குப் புதிதாக ‘சி’ பிரிவு தொடங்குங்கள், அந்த எட்டுப் பேரோடு ஜூனில் நான் அங்கே போகிறேன், ரிசல்ட்டுக்கு நான் பொறுப்பு என்றேன். கரஸ்பாண்டென்ட் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எங்கே உட்கார வைப்பாய் என்று கேட்டார். சைக்கிள் ஷெட்டை ஒட்டி உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருக்கும் அறையைச் சொன்னேன். உன் இஷ்டம் என்றார்.

போன சனிக்கிழமை தச்சரைக் கூட்டிவந்து பெஞ்சுகளுக்குக் கால் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பிள்ளைகளும் வந்து அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள்.